எடுத்தபாதம் என்னும் பெயர்

தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளுள் தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் நிரல் மிக நீண்டதொன்று. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29-ஆம் யாண்டளவில், அஃதாவது கி. பி. 1014-ஐ ஒட்டி, சோழ மண்டலத்துத் திருக்கோயில்கள் பலவற்றினின்றும் ஆடல்மகளிர் 400 பேரைக் கொணர்ந்து, பெரிய கோயிலைச் சார்ந்த தெருக்களிற் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் மனையும் பங்கும் அளித்த செய்தியை அது கூறும். ஒவ்வொரு பெயரின் முன்னும் சிவபிரான் திருநாமமாகிய 'நக்கன்' என்பது நிற்கும். அவர் யார் ஊரினர், எத்தளியினின்று வந்தவர் என்பனவும் உடன் குறிக்கப்பெறும். ஹுல்ச்சு அவர்கள் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதியில் இதனை முழுமையாகக் காணலாம். அந்நிரலில் வரும் பெயர்களுள் ஒன்று எடுத்தபாதம்.

திருவையாறு என ஊர்ப்பெயரையே பெண்ணுக்கு இடுதலும், தில்லையழகி என அழைத்தலும் அக்காலத்து வழக்கு. ஆயினும் இறைவன் திருமேனியின் ஓர் உறுப்பினை, அதுவும் அது செய்யுந் தொழிலோடு சேர்த்து, ஒரு பெண் மகவுக்குப் பெயராக்கியது அருமையினும் அருமை. இதற்கு ஊற்று எது எனத் தேடித் திரியவேண்டுவதில்லை. 'பொன்' என்னும் அடையொன்றை இடையே வைத்து இத்தொடரைத் தில்லைக் கூத்தன் மீது ஆண்டவர் ஏழாம் நூற்றாண்டின் நாவுக்கரசர். அத்திருவடியைக் காணப்பெறின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்றவர் அவர். பதிகம் கேட்டு வளர்ந்த குடியிற் பிறந்த மகவுக்கு அப்பதிகச் சொல்லே பெயராயிற்று என்பது பொருந்தும்.

இனி, இதனை ஒலிக்குமாறு. அக்காலக் கல்லெழுத்தில் மெய்க்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஏகாரங்கட்கு வடிவ வேற்றுமையும் தோன்றாது. ஆகவே படிப்போன் இலக்கணத்தையும் பொருளையும் துணைக்கொண்டே படித்தல் வேண்டும். 'எடுத்த' என்பது பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகாது. 'எடுத்தப்பாதம்' என இரட்டித்து ஒலிப்பது பிழை. இரு சொல்லாகப் பிரித்துரைப்பின் பகரம் வன்மையோடு நிற்கும். ஒரு பெயராகத் தொடுத்து விரைந்து விளிக்குங்கால் அது சற்றே நெகிழும். தாயர் வாயில் அங்ஙனம் நெகிழ்ந்தே வழங்கியிருத்தல் கூடும்.

இப்பெயர் வழக்கொழிய, இதற்கு நேராகக் கொள்ளப்படும் குஞ்சிதபாதம் என்னும் வடமொழிப் பெயர் சோழநாட்டுச் சைவக் குடிகளில் ஆண்மக்கட்கு வழங்கலாயிற்று. உமாபதி சிவம் இயற்றியதாக வழங்கும் குஞ்சிதாங்க்ரிஸ்தவமும் அத்திருவடியையே பாடுவது. வடமொழியில் அதன் சகரம் வல்லொலி; தமிழ் நாவோ ஞகரத்தின் பின்வரும் சகரத்தைப் 'பஞ்சு' என்பதிற்போல மென்மையாக்கியே சொல்லும். அதுபற்றி நகைப்பதற்கு ஒன்றுமில்லை. வந்த சொல் வந்த நாட்டு ஒலிக்கு இசைவது இயல்பே. கருதத்தக்கது பொருள் வேறுபாடு. குஞ்சிதம் என்பது வளைந்தது. எடுத்தல் உயர்த்துதல். ஊன்றிய பாதத்தில் மறைப்பும், உயர்த்திய பாதத்தில் முத்தியும் நிகழ்வனவாக மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் உரைத்தனர். ஊன்றியதற்கு எதிராய் நிற்கும் சொல் 'எடுத்த' என்பதே. 'வளைந்த' என்பது அவ்வெதிர்நிலையைத் தாராது. அன்றியும், வீழ்ந்தாரைக் கைகொடுத்து எடுத்தல் என்னும் வழக்கும் தமிழில் உண்டாதலின், உயிர்களைப் பிறவியினின்று எடுக்கும் பாதம் என்னும் குறிப்பும் இப்பெயர்க்குள் அடங்கும். வடசொல்லில் அக்குறிப்பு இல்லை. பேச்சில் அது 'குஞ்சிதம்' எனக் குறுகுங்கால் திருவடியும் நழுவி, வளைவு மாத்திரமே எஞ்சுகின்றது.

அருந்தமிழ்ப் பெயர் தேடுவோர் இக்காலத்துப் பலராயினும், கல்லிற் கிடக்கும் இதனை எடுத்து வழங்குவாரைக் காண்டல் அரிது. தளிச்சேரியில் வாழ்ந்த எடுத்தபாதத்துக்கு ஆண்டுதோறும் உரிய பங்கு நெல் 100 கலம். அதனை அளந்த மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான்.