முடிதிருத்தும் கடையும் அரசாங்க உரிமமும்

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள், தாங்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடைகளின் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட காகிதம் ஒன்று தொங்குவதைக் கண்டிருக்கலாம். நகராட்சியோ ஊராட்சியோ வழங்கிய உரிமம் அது. கத்தி தூய்மையாக இருக்க வேண்டும், கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பனவே அதன் நோக்கங்கள் என்று கருதுகிறோம். அந்த நாற்காலியில் அமர யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

முற்காலத்து நாவிதருக்கு உரிமம் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. அறுவடையில் அவருக்கு நெல் அளந்த ஊரே, அவர் யாருக்குச் சவரம் செய்யலாம், யாருக்குச் செய்யலாகாது என்பதையும் விதித்தது. பின்னர் அவர் கண்ணாடியும் நாற்காலியும் வைத்துக் கடை திறந்தபோது, பல ஊர்களில் அவ்விதியும் கூடவே கடைக்குள் புகுந்தது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், ‘கடை’ என்னும் சொல் உள்ளே நுழையும் உரிமையை மட்டும் குறிப்பதன்று, அங்கே அளிக்கப்படும் பணியைப் பெறும் உரிமையையும் குறிக்கும் என்று விளக்கினார். சட்டங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மிக எளிதென்று தோன்றிய அச்சொல்லின் ஆழம் அவ்விளக்கத்தைப் படித்த பிறகே புலப்பட்டது. 1955 ஜூன் முதல் நாள் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை காரணமாகப் பணி செய்ய மறுத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது விதித்தது. அதன் எட்டாம் பிரிவு, தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை ரத்துச் செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது.

ஆயினும் சட்டம் மலையேறுவதற்கு நாளாயிற்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் கடந்தால் இடுக்கி மாவட்டத்தின் எல்லை ஊரான வட்டவடை வரும். பூண்டும் காய்கறியும் விளையும் இவ்வூரில் வீட்டு மொழி தமிழ். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய முன்னோர், மொழியோடு சாதிக் கட்டுப்பாட்டையும் சுமந்து வந்தனர். உள்ளூர் முடிதிருத்தும் கடைகளில் சக்கிலியர் சமூகத்தாருக்கு இடமில்லை. தலைமுடி வெட்டிக்கொள்ள அவர்கள் 40 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மூணாறு செல்ல நேர்ந்தது. இதில் நாவிதரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒருவருக்கு முடி வெட்டினால் மற்றவர் வரமாட்டார் என்ற அச்சம் அவரது பிழைப்பைப் பற்றியது. அவருக்குப் பின்னே நின்றது ஊர். ஊருக்கு உரிமம் ஏது, ரத்துச் செய்வதற்கு?

பாலக்காட்டு எல்லையிலும் இதே கதைதான். முதலமடையை அடுத்த கோவிந்தாபுரத்தில், 2017இல், இதே சமூகத்தார் தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயிலும் பாகுபாடு காட்டப்படுவதாக முறையிட்டனர்.

எட்டாம் பிரிவு செயற்பட வேண்டுமானால் முதலில் வழக்கு, பிறகு தண்டனை. அன்றாடம் முகம் பார்க்கும் அண்டை வீட்டாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல எத்தனை பேர் முன்வருவர்? தொழில்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் கேரளத்தில் ஊராட்சிகளிடம் உள்ளது. வட்டவடை ஊராட்சி வேறு வழியை நாடியது. பாகுபாடு காட்டிய கடைகள் மூடப்பட்டன. ஆனால் மூடிய கடையில் எவருக்கும் முடி வெட்ட இயலாது. எனவே ஊராட்சியே எல்லாருக்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றை அமைத்தது. 2020 செப்டம்பரில், நோய்த்தொற்றால் பயணம் அரிதாகியிருந்த காலத்தில், தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் எஸ். இராஜேந்திரன் அதைத் திறந்து வைத்தார்.