78 ரெக்கோட்டுக்கு எந்த ஊசி?

1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது தாராபுரமும் காலியானது. கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போன சனம் ரெக்கோட் பெட்டியையா தூக்கிக்கொண்டு போயிருக்கும்? அதால மிஞ்சின தட்டு ஒவ்வொன்றும் எங்களுக்குப் பெறுமதி. நாகூர் ஹனிபா பாட்டென்றால் சொல்லவே தேவையில்லை. கிடைத்ததும் போட்டுக் கேட்கக் கை துறுதுறுக்கும். முதல்ல ஊசியைப் பாருங்கள்.

78 தட்டு அரக்கில் செய்தது, பள்ளம் அகலம். ஊசிமுனையின் ஆரை சுமார் 75 மைக்ரோன் வேணும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பனி கொண்டுவந்த எல்.பி.க்கு 25 போதும். இந்தச் சின்ன ஊசி 78இல் பள்ளத்தின் அடியில் கிடந்து உரசும், பாட்டைவிட இரைச்சல்தான் கூட. பெரிய ஊசியோ எல்.பி.யைக் கெடுத்துவிடும். அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றில் இரண்டு முனையும் ஒரே கார்ட்ரிஜ்ஜில் இருந்தன. சின்னப் பிடியைத் திருப்பினால் மாறும். கெட்டிக்கார வேலை!

இப்போ புதுசு வாங்குவதென்றால், ஊசியை மட்டும் கழற்றி மாற்றக்கூடியதே எங்கள் தெரிவு. ஓடியோ-டெக்னிக்காவின் வீ.எம்.95 அப்படியானது: 78க்குத் தனி ஊசி உண்டு, எல்.பி. ஊசிக்கு 2 கிராம் பாரம் என்றால் இதற்கு 5. ஆனால் பழைய செரமிக் கார்ட்ரிஜ் பிளேயரில் இதை அப்படியே மாட்டினால் சத்தம் நல்லாக் குறைஞ்சிடும். இடையில் போனோ அம்ப் ஒன்றும் வேணும்.