மஞ்சள் கற்கள் சொல்லும் வரலாறு: போனேர் தீவின் முக்குளிப்பு இடங்கள்



கரிபியன் கடலின் தென்பகுதியில், வெனிசுலா நாட்டுக் கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் போனேர் என்னும் சிறு தீவு உள்ளது. பரப்பளவு ஏறக்குறைய 290 சதுரக் கிலோமீட்டர். இத்தீவின் மேற்குக் கரையோரச் சாலையில் பயணம் செய்வோர், வழி நெடுக மஞ்சள் வண்ணம் பூசிய கற்களைக் காணலாம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அக்கல்லின் அருகே வாகனத்தை நிறுத்தி, காற்றுக்கலனை முதுகில் சுமந்து, கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கலாம்; சிறிது தூரம் நீந்தினால் பவளப்பாறை வந்துவிடும். படகு தேவையில்லை. உலகெங்கிலுமிருந்து ஸ்கூபா முக்குளிப்பாளர்கள் இத்தீவை நாடி வருவதற்கு இந்த எளிமையே முதற்காரணம் எனலாம்.

வருவோர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த இடங்கள் இவை எனப் பட்டியலிடுவது வழக்கம். இது வெறும் சுவை சார்ந்த தேர்வு போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் அடிமை முறை, சட்டம், பணம், நோய் எனப் பல செய்திகள் அடங்கியுள்ளன. அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உப்பும் அடிமைகளும்

1499-ஆம் ஆண்டில் ஸ்பானியர் இத்தீவுக்கு வந்தனர். பொன் கிடைக்காத தீவு என்பதால் இதனையும் அருகிலிருந்த தீவுகளையும் 'பயனற்ற தீவுகள்' என்று ஒதுக்கினர். ஆனால் மக்களை அவ்வாறு ஒதுக்கவில்லை. 1515-ஆம் ஆண்டில் இங்கு வாழ்ந்த பழங்குடியினரை உழைப்புக்காக ஹிஸ்பானியோலா தீவுக்குக் கொண்டு சென்றனர். 1636-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் போனேரைக் கைப்பற்றினர். மீனைப் பதப்படுத்த அவர்களுக்கு உப்பு தேவைப்பட்டது. ஸ்பெயினுடன் நடந்த நீண்ட போரினால் பழைய உப்பு வழிகள் அடைபட்டிருந்தன. தீவின் தென்பகுதியில் இருந்த உப்பளங்கள் அவர்களுக்குப் பெரும் செல்வமாயின. அங்கு உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

அவர்களின் குடும்பங்கள் வடக்கே ரின்கோன் என்னும் ஊரில் வாழ்ந்தன. வார இறுதியில் குடும்பத்தைக் காண, அவர்கள் பல மணி நேரம் நடந்து சென்று, மீண்டும் நடந்தே திரும்ப வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டில் உப்பளத்தின் அருகே அவர்கள் தூங்குவதற்காகச் சிறு கற்குடில்கள் கட்டப்பட்டன. வளர்ந்த மனிதர் நிமிர்ந்து நுழைய முடியாத அளவு தாழ்வான வாயில்கள் அவை. டச்சுக் கரிபியன் பகுதியில் 1863-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

இன்று அக்குடில்களுக்கு எதிரே உள்ள முக்குளிப்பு இடங்களின் பெயர்கள் 'வொயிட் ஸ்லேவ்', 'ரெட் ஸ்லேவ்'. வெள்ளை, சிவப்பு என்பவை மனிதரின் நிறங்கள் அல்ல. அங்கங்கே இருந்த உப்பளங்களை அடையாளப்படுத்திய வண்ணங்கள். உப்பேற்ற வரும் கப்பல்களுக்கு எந்த இடத்தில் நங்கூரமிட வேண்டும் என்று காட்ட, 1830-களின் இறுதியில் கரையில் உயரமான தூண்கள் எழுப்பப்பட்டு வண்ணம் பூசப்பட்டன. முக்குளிப்பாளர் ஒருவர் 'ரெட் ஸ்லேவ் எனக்கு மிகவும் பிடிக்கும்' என்று கூறும்போது, அச்சொல்லின் எடையை அவர் அறிந்திருப்பாரா என்று எண்ணத் தோன்றுகிறது.

வேடர் காவலரான கதை

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மாணவர் ஹான்ஸ் ஹாஸ் 1939-ஆம் ஆண்டில் தம் நண்பர்களுடன் குராசோ, போனேர் தீவுகளுக்கு வந்து நீருக்கடியில் படம் எடுத்தார். அப்போது ஸ்கூபா கருவி பரவலாகவில்லை, மூச்சடக்கியே மூழ்கினார்கள். 1943-ஆம் ஆண்டில் கூஸ்தோவும் காஞ்ஞானும் பிரான்சில் உருவாக்கிய மூச்சுக்கருவி, கடலடியைச் சாதாரண மனிதருக்கும் திறந்துவிட்டது.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்கரான டான் ஸ்டூவர்ட் தம் பாய்க்கப்பலில் போனேரை வந்தடைந்தார். 'கேப்டன் டான்' என்று அழைக்கப்பட்ட இவர், தொடக்கத்தில் ஈட்டியால் மீன் வேட்டையாடியவர். அலங்கார மீன்களைப் பிடித்து விற்றவர். தாம் எடுப்பது திரும்ப வளரவில்லை என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே அவர் மாறினார். முக்குளிப்பு இடங்களுள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் அவரே. நங்கூரம் பவளத்தை உடைக்காதபடி நிலையான மிதவைகளில் படகுகளைக் கட்டும் முறை வேரூன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் 2014-ஆம் ஆண்டில் மறைந்தார்.

சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1961-இல் கடலாமையின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் பாதுகாப்பு, 1971-இல் ஈட்டி மீன்வேட்டைக்குத் தடை, 1975-இல் பவளத்தை உயிருடனோ இறந்த நிலையிலோ எடுக்கத் தடை, 1979-இல் கடற்பூங்கா. உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் அப்பூங்காவுக்குள் அடங்கியது. இரண்டு பகுதிகளில் முக்குளிப்பே கூடாது என்றும் ஒதுக்கினார்கள். 'எங்கே செல்லலாம்' என்பதோடு 'எங்கே செல்லக்கூடாது' என்பதையும் முடிவு செய்ததே இத்திட்டத்தின் சிறப்பு.

பத்து டாலரின் பாடம்

தொடக்க நிதி தீர்ந்ததும் அப்பூங்கா சில ஆண்டுகளில் ஏட்டளவில் மட்டும் எஞ்சியது. 1991-ஆம் ஆண்டில் அதற்கு மீண்டும் உயிரூட்டினர். மறு ஆண்டில் ஒவ்வொரு முக்குளிப்பாளரிடமும் 10 அமெரிக்க டாலர் கட்டணம் பெறத் தொடங்கினர். பயணிகள் வரமாட்டார்கள் என்று சுற்றுலாத் துறையினர் சிலர் அஞ்சினர். ஆனால் பயணிகள் மறுப்பின்றிச் செலுத்தினர். பூங்காவின் காவலுக்கும் பராமரிப்புக்கும் அத்தொகை உதவியது.

அதே காலக்கட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு, 1993-ஆம் ஆண்டில் வெளியானது. ஓரிடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் நடந்தால் பவளத்தில் சேதம் தெளிவாகத் தெரிகிறது என்பது அதன் முடிவு. மிதவைக்கு அருகில், அதாவது அனைவரும் இறங்கும் இடத்தில், சேதம் மிகுதி. இதன் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஓர் இடத்தை வெறுப்பவர் அதற்குத் தீங்கு செய்வதில்லை. அவர் அங்குச் செல்வதே இல்லை. அளவு மீறி விரும்புவோரே அதனைத் தேய்க்கிறார்கள். ஆகவே, பல இடங்களுக்குப் பெயரிட்டு மஞ்சள் கல் நடுவது அழகுக்காக மட்டும் அன்று. விருப்பத்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் ஆகும்.

பிடித்த சில இடங்கள்

'1000 ஸ்டெப்ஸ்' என்னும் இடத்தில் ஆயிரம் படிகள் இல்லை, ஏறக்குறைய எழுபதுதான். காற்றுக்கலனைச் சுமந்து ஏறுபவருக்கு அவை ஆயிரமாகத் தோன்றும் என்பதால் அப்பெயர். 'ஹில்மா ஹூக்கர்' என்பது மூழ்கிய கப்பல். இயந்திரப் பழுதினால் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்ட அக்கப்பலின் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஏறத்தாழ 11 டன் கஞ்சா கண்டெடுக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அது மூழ்கியது; ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 'சால்ட் பியர்' இன்றும் உப்பு ஏற்றப்படும் தோணித்துறை. கப்பல் நிற்கும்போது அங்கு இறங்கக்கூடாது.

எதிரே உள்ள ஆளில்லாத் தீவாகிய கிளைன் போனேர் 1868-ஆம் ஆண்டில் தனியாருக்கு விற்கப்பட்டது. அங்கு விடுதிகள் கட்டும் பேச்சும் எழுந்தது. தீவு மக்களின் இயக்கத்தினால் 1999-ஆம் ஆண்டில் அது மீட்டு வாங்கப்பட்டது. இன்றும் அங்கு விடுதி இல்லை.

நம் கடலிலிருந்து சென்ற விருந்தாளி

நம் பகுதிக் கடல்களில் இயல்பாக வாழும் சிங்கமீன், 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் போனேரில் முதன்முதலாகக் காணப்பட்டது. அங்கு அதனை உண்ணும் பகை மிகக் குறைவு. அதுவோ சிறு மீன்களைப் பெருமளவில் விழுங்கியது. முடிவில், ஈட்டியைத் தடை செய்த அதே தீவு, பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்களுக்குச் சிங்கமீனை மட்டும் குத்திப் பிடிக்க அனுமதி வழங்கியது. சட்டத்தின் சொல்லைவிட அதன் நோக்கம் பெரிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் கற்பவளத் திசுக்களை அழிக்கும் நோய் அங்குப் பரவியது. அதன்பின், ஓரிடத்தில் நனைந்த கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யாமல் மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்லலாகாது என்று முக்குளிப்பாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளுக்குப் பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அங்கும் கடற்பூங்காக் கட்டணம் உண்டு. சிப்பாடானில் ஒரு நாளில் எத்தனை பேர் முக்குளிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அக்கட்டணச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, 'இது எதற்காக?' என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் இடப்பெயரைக் கரும்பலகையில் எழுதி, 'இப்பெயரை வைத்தவர் யார், அதற்குமுன் அங்கு உழைத்தவர் யார்?' என்று தேடச் செய்யலாம். 'எந்த இடம் உனக்குப் பிடித்தது?' என்பது எளிய கேள்வி. 'உனக்குப் பிடித்த இடம் உனக்குப் பின் வருபவருக்கும் இருக்க நீ என்ன விட்டுக்கொடுப்பாய்?' என்பதே வரலாறு கற்பிக்கும் கேள்வி.

சிந்திப்போம், பிள்ளைகளையும் சிந்திக்க வைப்போம்.