தனிப் பயிற்சி மண்ணைக் காக்குமா? ஒரு வரலாற்றுப் பார்வை

'கோச்' என்றதும் கிரிக்கெட் மைதானம்தான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் ஹங்கேரியில் உள்ள கோச் என்ற சிற்றூர். 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரை சேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக 'கோச்' என்றார்கள். வண்டி ஆளை ஊர் சேர்ப்பது போல இவர் மாணவனைச் சேர்க்கிறார் என்பது பொருள்.

தனி ஒருவருக்குக் கிடைக்கும் பயிற்சியால் அவருக்கு லாபம், சரி. சமுதாயத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் அதனால் என்ன லாபம்? இதற்கு நல்ல பதில் அமெரிக்க விவசாய வரலாற்றில் இருக்கிறது.

டெரல், 1903

1892-இல் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் ஒரு கூன்வண்டு நுழைந்தது. பருத்திக் காயைத் துளைத்து அழிக்கும் பூச்சி அது. பருத்தியை மட்டுமே நம்பியிருந்த விவசாயிகள் திகைத்தார்கள். விவசாயத் துறையிடம் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. துண்டறிக்கைகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய முறையிலேயே விதைத்தார்கள்.

சீமன் நாப் (1833-1911) என்ற அதிகாரி வேறு வழியை யோசித்தார். அரசாங்கம் தன் பணத்தில் நடத்தும் மாதிரிப் பண்ணையைப் பார்க்கும் விவசாயி, "அரசாங்கத்துக்குப் பணம் இருக்கிறது, செய்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். தன் நிலத்தில் தன் கையாலேயே செய்து பார்த்ததை மட்டும் அவனால் சந்தேகப்பட முடியாது. இதுதான் நாப்பின் கருத்து.

1903-இல் டெக்சாஸின் டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்ற விவசாயி, தன் நிலத்தில் 70 ஏக்கரில் நாப் சொன்ன முறையில் பயிர் செய்ய முன்வந்தார். இங்கேதான் வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. நஷ்டம் வந்தால் ஈடு செய்வதற்காக ஊர் வியாபாரிகளும் மக்களும் 1,000 டாலர் நிதி திரட்டி வைத்தார்கள். அந்தப் பணம் தேவைப்படவே இல்லை. வழக்கத்தைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்றார் போர்ட்டர். அடுத்த ஆண்டே இந்த முறையைப் பரப்ப அரசு நிதி ஒதுக்கியது. பண்ணை பண்ணையாகச் சென்று சொல்லிக் கொடுக்கும் ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் இதை நாடு முழுவதற்குமான நிரந்தரத் திட்டமாக்கியது.

டஸ்கீகி: வண்டியில் வந்த பள்ளி

அதே காலத்தில் அலபாமாவில் இன்னொரு முயற்சி நடந்தது. அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1896-இல் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். தொடர்ந்து பருத்தியே போட்டதில் அந்த வட்டாரத்தின் மண் சத்திழந்து கிடந்தது. தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பயிரை மாற்றிப் போட்டால் விலைக்கு வாங்கும் உரம் குறையும், வீட்டுக்குச் சத்தான உணவும் கிடைக்கும் என்பது கார்வரின் போதனை.

வகுப்புக்கு வர முடியாத ஏழைகளிடம் வகுப்பே போனது. 1906-இல் கலப்பை, விதை, பால் பண்ணைக் கருவிகளுடன் 'ஜெசப் வண்டி' என்ற குதிரை வண்டி புறப்பட்டது. அதே ஆண்டு தாமஸ் கேம்பெல் அரசின் முதல் கறுப்பின விவசாயப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

ஆனால் இங்கே ஒரு சுவர் குறுக்கே நின்றது. கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாமல் வாரத்துக்கு உழுதவர்கள். வரப்போகும் பருத்தியை அடமானமாகக் காட்டித்தான் கடைக்காரரிடமும் நில உரிமையாளரிடமும் கடன் வாங்கினார்கள். பருத்தியை விட்டு வேறு பயிர் போடுகிறேன் என்றால் கடன் கிடைக்காது. என்ன விதைப்பது என்று முடிவு செய்யும் உரிமையே இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் என்ன பயன்? 1914 சட்டத்தின் பணத்தையும் தென் மாநிலங்கள் வெள்ளையர் கல்லூரிகள் வழியாகவே செலவிட்டன. கறுப்பினப் பயிற்றுநர்கள் குறைவாகவும் குறைந்த சம்பளத்திலும் இருந்தார்கள்.

கூன் பள்ளத்தாக்கு, 1933

விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு மலைச்சரிவு நிலம். விவசாயிகள் சரிவில் மேலும் கீழுமாக உழுதார்கள், செங்குத்தான இடங்களில் மாடு மேய்த்தார்கள். மழை பெய்தபோதெல்லாம் மேல்மண் ஓடைக்குப் போனது. 1933-இல் ஹ்யூ பென்னட் தலைமையிலான மண் அரிப்புத் தடுப்புத் துறை, நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது.

எல்லோருக்கும் ஒரே உத்தரவு போடவில்லை. நிபுணர்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் போய், விவசாயியோடு நிலத்தைச் சுற்றி வந்து, அந்த நிலத்துக்கென்று தனி வரைபடம் போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுவது, புல்லையும் தானியத்தையும் பட்டை பட்டையாக மாற்றி விதைப்பது, செங்குத்துச் சரிவை வேலி போட்டு மரங்களுக்கு விடுவது, இவைதான் பாடம். விதை, சுண்ணாம்பு, வேலிக் கம்பி, வேலையாட்கள் ஆகியவற்றை அரசு கொடுத்தது. விவசாயி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். 400-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அங்கே ஓடைப் பள்ளங்களில் வந்து படியும் வண்டல் 1930-களில் இருந்ததைவிட மிகவும் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். ஒருவர் நிலத்தில் தங்கிய மண் கீழே இருப்பவரின் ஓடையையும் காப்பாற்றியது.

இந்த விரிவாக்கப் பணியின் சாயல் இந்தியாவுக்கும் வந்தது. 1948-இல் உத்தரப் பிரதேசத்தின் எடாவாவில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர் வகுத்த சோதனைத் திட்டமும், 1952 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவகர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வரலாறு சொல்லும் கணக்கு

டெரலில் நஷ்டத்துக்கு ஊர் பொறுப்பேற்றது. கூன் பள்ளத்தாக்கில் செலவில் அரசு பங்கெடுத்தது. இரண்டு இடத்திலும் நிலத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமை கற்றுக்கொண்டவரிடம் இருந்தது. அலபாமாவில் பயிற்றுநரின் அறிவுக்கும் அக்கறைக்கும் குறைவில்லை, ஆனால் இந்த இரண்டும் இல்லை.

இன்று தண்ணீரைச் சேமி, பிளாஸ்டிக்கைக் குறை, இயற்கை விவசாயத்துக்கு மாறு என்று சொல்லிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது நல்லதுதான். அதோடு, மாறுகிறவருக்கு முதல் ஆண்டு நஷ்டம் வந்தால் அதை யார் ஏற்பது, மாறுவதற்கான உரிமை அவர் கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொண்டால், தனி மனிதருக்குக் கொடுக்கும் பயிற்சி ஊருக்கும் மண்ணுக்கும் போய்ச் சேரும்.