100 எம்.பி. பிளானில் 11 எம்.பி.தான் வருகிறதா? பிட், பைட் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

வீட்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டிருக்கிறீர்கள். பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடு செய்தால், திரையில் 11 எம்.பி.யைச் சுற்றியே எண் ஓடுகிறது. கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் உங்களுக்கு வர வேண்டிய வேகம் முழுசாகவே வந்துகொண்டிருக்கும். விற்பவர் ஒரு அளவில் சொல்கிறார், கம்ப்யூட்டர் வேறு அளவில் காட்டுகிறது.

தொலைத்தொடர்புத் துறை வேகத்தை பிட்டில் அளக்கிறது. ஒரு நொடியில் கம்பி வழியாக எத்தனை பிட் போகிறது என்பதுதான் அவர்கள் கவலை. ஹார்ட் டிஸ்க், சி.டி. உலகத்துக்கு ஃபைல்தான் முக்கியம். ஃபைலின் அளவு பைட்டில் இருப்பதால் வேகமும் பைட்டில். ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசத்துக்கு வழியே இல்லை, எம்.பி.பி.எஸ். என்று எழுதினால் டாக்டர் படிப்பும் ஆகிவிடுகிறது! அதனால் இனி மெகாபிட், மெகாபைட் என்று முழுசாகவே எழுதுகிறேன். எல்லாமே ஒரு நொடிக்கான கணக்கு.

எட்டால் வகுத்தால் போதுமா?

100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். அப்புறம் ஏன் 11? டேட்டா பொட்டலம் பொட்டலமாகத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் முகவரி மாதிரியான தகவல்கள் ஒட்டியிருக்கும். ஈதர்நெட்டில் வழக்கமான அளவுள்ள ஒரு பொட்டலம் 1,538 பைட் இடத்தைப் பிடித்தால், அதில் உங்கள் ஃபைல் 1,460 பைட்தான். அதாவது சுமார் 95%. ஆக 12.5 என்பது 11.9 ஆகிறது.

அடுத்தது விண்டோஸ் செய்யும் வேலை. 10 லட்சம் பைட்டை ஒரு மெகாபைட் என்று எடுக்காமல், 1,024 × 1,024, அதாவது 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்று அது எண்ணுகிறது. 11.9 இப்போது 11.3. இவ்வளவையும் மனக்கணக்காகப் போட முடியாது என்றால், 8-க்குப் பதில் 9-ஆல் வகுத்துவிடுங்கள். கிட்டத்தட்ட சரியாக வரும்.

பழைய லைனும் பழைய டிஸ்க்கும்

ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்சுக்கு வரும் 30 சேனல் பி.ஆர்.ஐ. லைனைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் இருப்பது இ1 என்ற பழைய தரம். வேகம் 2.048 மெகாபிட். குரலை நொடிக்கு 8,000 முறை, முறைக்கு 8 பிட் என்று பதிவு செய்தால் ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட். அப்படி 32 சேனல். 30 பேச்சுக்கு, மீதி இரண்டு லைனை ஒழுங்குபடுத்த. 2,048 என்ற எண்ணைப் பார்த்ததும் இது 1,024 கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தொலைத்தொடர்பில் கிலோ என்றால் எப்போதும் 1,000தான். 8-ஆல் வகுத்தால் இ1-இன் வேகம் 256 கிலோபைட்.

டிஸ்க் பக்கம் வந்தால், பழைய ஏ.டி.ஏ.-100 கேபிளில் உள்ள 100 என்பது மெகாபைட். அதாவது 800 மெகாபிட். உங்கள் பிளானிலும் அதே 100தான், ஆனால் எட்டில் ஒரு பங்கு. சர்வர்களில் இருந்த அல்ட்ரா-320 ஸ்கஸி 2,560 மெகாபிட். ஃபைபர் நெட்வொர்க்கின் எஸ்.டி.எம்.-16 லைனைவிட (2,488 மெகாபிட்) ஒரு படி மேல்.

அடுத்து வந்த சாட்டா இந்த வழக்கத்தைக் கலைத்தது. டிஸ்க் கேபிளாக இருந்தும் அதன் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது. அதிலும் ஒவ்வொரு பைட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், இங்கே 10-ஆல் வகுக்க வேண்டும். 6 கிகாபிட் சாட்டா என்றால் 750 அல்ல, 600 மெகாபைட்.

இதில் காசு எங்கே போகிறது?

ஆபீஸின் பழைய யு.எஸ்.பி. 2.0 ஹார்ட் டிஸ்க்கில் 500 கிகாபைட் பேக்கப் இருக்கிறது, அதை கிளவுடில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யு.எஸ்.பி. 2.0 காகிதத்தில் 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 30 முதல் 40 வரைதான். 35 என்று எடுத்தால் டிஸ்க்கைப் படித்து முடிக்கவே 4 மணி நேரம். 100 மெகாபிட் அப்லோடு லைனில் இந்த வேலைக்கு 11 மணி 40 நிமிடம் பிடிக்கும். "அப்போ ஒரு கிகாபிட் லைன் எடுத்துடலாம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்" என்று மீட்டிங்கில் யாராவது சொல்வார்கள். முடியாது. டிஸ்க் 35 மெகாபைட்டுக்கு மேல் தராது; அதற்கு 300 மெகாபிட் லைனே போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு இந்த வேலைக்கு வீண். பிளானில் பெரிதாகப் போட்டிருப்பது டவுன்லோடு வேகமாக இருக்கலாம், அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு சொல்லும் 'பிராட்பேண்ட்' எவ்வளவு?

இந்தக் கணக்கை அரசின் வரையறைக்கும் போட்டுப் பார்க்கலாம். 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில் குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 256 கிலோபிட். பைட்டில் சொன்னால் வெறும் 32 கிலோபைட். 2013-இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்ந்தது.

2 மெகாபிட் என்றால் 250 கிலோபைட். சி.டி. டிரைவில் 1எக்ஸ் வேகம் நொடிக்கு 1,53,600 பைட். 2எக்ஸ் அதன் இரு மடங்கு, சுமார் 307 கிலோபைட். 1990களில் வந்த 2எக்ஸ் சி.டி. டிரைவைவிட மெதுவான இணைப்பையும் இன்று இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்கலாம்! ஃபைபரும் 4ஜி-யும் பெரும்பாலும் இதைவிட வேகமாகத்தான் கிடைக்கின்றன, இது குறைந்தபட்சம் மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் வேகம் குறைவு என்று புகார் செய்யும் கிராமத்துச் சந்தாதாரருக்கு 2 மெகாபிட் வந்துகொண்டிருந்தால், வரையறைப்படி அவரிடம் இருப்பதும் பிராட்பேண்ட்தான். அவர் ஒரு சி.டி. அளவுள்ள ஃபைலை இறக்க 49 நிமிடம் ஆகும்.