மூளைக் கட்டியைக் காட்டும் கதிரியக்கத் தடங்காட்டிகள்

மூளைக்குள் கட்டி வளர்ந்தால் வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க வழியில்லை. சி.டி. ஸ்கேன் 1971-ல்தான் வந்தது. அதற்கு முன் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்?

1948-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் மூர் என்பவர், ஃப்ளோரசின் என்ற சாயத்தில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து நோயாளிக்குச் செலுத்தினார். பிறகு தலையைச் சுற்றி கைகர் கருவியை நகர்த்தினார். எங்கே எண்ணிக்கை கூடுகிறதோ அங்கே கட்டி!

1951-ல் பாஸ்டனில் வில்லியம் ஸ்வீட் பாசிட்ரான் வெளியிடும் தனிமங்களுக்கு மாறினார். இத்தகைய தனிமத்தைச் செயற்கையாக முதலில் உண்டாக்கியவர்கள் பாரிசில் ஜோலியோ-கியூரி தம்பதியர், 1934-ல். (பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.)

1960-களில் டெக்னீசியம்-99எம் வந்தது. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். மாலிப்டினம் நிரப்பிய சிறு கலத்திலிருந்து தினமும் பால் கறப்பதுபோல் இதைக் கறந்துகொள்ளலாம். ஆய்வகங்களில் அந்தக் கலத்துக்குப் 'பசு' என்றே செல்லப்பெயர். ஆனால் ஒரு குறை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு உடைந்த இடத்தில்தான் இது நுழையும். தடுப்பை உடைக்காத கட்டி தப்பித்துவிடும்.

சி.டி., எம்.ஆர்.ஐ. வந்தபின் தடங்காட்டிகளுக்கு வேலை போய்விடவில்லை. கதிர் சிகிச்சை முடிந்த நோயாளியின் படத்தில் மீண்டும் ஒரு வெள்ளைப் பகுதி தெரிகிறது. கட்டி திரும்பிவிட்டதா, கதிரால் செத்த திசுவா? எம்.ஆர்.ஐ.-யில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். மறுபடி மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

1976-ல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்ட எஃப்.டி.ஜி. என்பது ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரை. வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அள்ளித் தின்னும் என்பது கணக்கு. மூளையும் அப்படித்தான் தின்கிறது என்பதுதான் சிக்கல்! உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. படம் முழுக்க ஒளிரும்போது அதில் சிறு கட்டியைத் தேடுவது எப்படி?

விடை அமினோ அமிலங்களில் கிடைத்தது. பார்க்கின்சன் ஆய்வுக்காக உருவான எஃப்-டோபா அவற்றில் ஒன்று. 2013-ல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வில், 28 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கட்டி திரும்பியிருந்த 21 பேரில் எஃப்.டி.ஜி. காட்டியது 10 பேரைத்தான். எஃப்-டோபா 21 பேரையும் காட்டியது. கட்டி திரும்பாத 7 பேரில் ஒருவருக்கு மட்டும் தவறாகக் காட்டியது. அந்த 7 பேரில் எஃப்.டி.ஜி. ஒருவரிடமும் தவறவில்லை.

அப்படியானால் எல்லா ஊரிலும் எஃப்-டோபாவே கொடுக்கலாமே? கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குச் சற்று முன் உள்ள பிள்ளைச்சாவடியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தயாரித்த மருந்து அங்கு வந்துசேர 3 மணி நேரம் என்று வைப்போம். ஃப்ளோரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம். வந்து இறங்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மற்றொரு நல்ல தடங்காட்டியான கார்பன்-11 மெத்தியோனினுக்கு அரை ஆயுள் 20 நிமிடமே. அது 512-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது சைக்ளோட்ரான் உள்ள மருத்துவமனைக்கு நோயாளிதான் போகவேண்டும். மாலிப்டினத்தின் அரை ஆயுளோ 66 மணி நேரம். 'பசு' மட்டும் அதே சாலையில் ஏறக்குறைய முழு பலத்தோடு வந்து சேரும்.