பதினோராவது குழி

கோல்ஃப் ஆடக்கூடாது என்று ஒரு நாடு சட்டமே போட்டது, தெரியுமா உங்களுக்கு? வேறெங்கும் இல்லை... அந்த விளையாட்டைச் சீராட்டி வளர்த்த ஸ்காட்லாந்தில்தான்!

வருஷம் 1457. மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பார்லிமென்ட் போட்ட உத்தரவு அது. கால்பந்தும் கோல்ஃபும் அடியோடு ஒழியவேண்டும், ஆண்பிள்ளைகள் எல்லோரும் வில்வித்தை பழகவேண்டும். இங்கிலாந்துக்காரன் எப்போது படையெடுத்து வருவானோ என்ற கவலை ராஜாவுக்கு. குடிமக்களோ வில்லை மூலையில் சாத்திவிட்டு, கம்பும் பந்துமாகக் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். கோபம் வராதா பின்னே?

1471-ல் மறுபடி அதே தடை. 1491-ல் இன்னொரு முறை. ஒரே சட்டத்தை மூன்று தடவை போடுகிறார்கள் என்றால், யாரும் அதைச் சட்டை செய்யவில்லை என்று அர்த்தம்! இதில் உச்சகட்ட வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது தடையைப் போட்ட நான்காம் ஜேம்ஸ் மன்னரே 1502-ல் கோல்ஃப் மட்டைகள் வாங்கியிருக்கிறார். அரண்மனைச் செலவுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. யாரிடம் வாங்கினார்? பெர்த் நகரத்தில் வில் செய்துகொண்டிருந்த ஒருவரிடம்!

ராஜா சட்டத்துக்கே அடங்காத அந்த விளையாட்டை அடக்கி ஆள ஒருவர் உண்டு. அவர் பெயர் காற்று.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. வெறும் மணல்மேடு. உழ முடியாது. மரம் வளராது. முயலும் ஆடும் மேய்ந்து மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருக்கும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்து உண்டான பள்ளங்கள்தான் பிற்பாடு ‘பங்கர்’ என்கிற மணல் குழிகள் ஆயின என்பார்கள். உழவுக்கு உதவாத நிலம் விளையாட்டுக்கு உதவியது! 1552-ல் அந்த ஊர் ஆர்ச்பிஷப், ‘பொதுமக்கள் இங்கே தாராளமாக கோல்ஃப் ஆடலாம்’ என்று எழுதியே கொடுத்துவிட்டார். இன்று உலகம் முழுக்க கோல்ஃப் மைதானத்துக்கு 18 குழி என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஆரம்பித்ததும் இங்கேதான், 1764-ல். அதற்கு முன் ஒரு சுற்றுக்கு 22 குழி.

அந்த மைதானத்துக்கு ‘ஓல்ட் கோர்ஸ்’ என்று பெயர். ஊரை ஒட்டி ஆரம்பித்து, ஒடுக்கமான ஒரு பட்டையாக நீண்டுகொண்டே போய், கடைக்கோடியில் ஒரு கழிமுகத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி ஊருக்கே திரும்பி வரும். அதனால் என்ன? போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, வரும்போது முகத்தில் அறையும். நீங்கள் திரும்புகிற நேரம் பார்த்துக் காற்றும் திசை மாறிக்கொண்டால்... போச்சு, இரண்டு பக்கமும் அறைதான்!

‘எதிர்க்காற்றுதானே... இன்னும் பலமாக அடித்தால் போகிறது!’ என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் வம்பு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பி.ஜி. டெய்ட் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய மகன் ஃப்ரெடி பெரிய கோல்ஃப் சாம்பியன். அப்பா 1890-களில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மட்டை பட்டதும் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கிறது, அந்தச் சுழற்சிதான் அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது என்று சொன்னார். இப்போது யோசியுங்கள். பலமாக அடித்தால் சுழற்சி அதிகம். எதிர்க்காற்றும் சேர்ந்தால் தூக்கலும் அதிகம். பந்து முன்னால் போவதற்குப் பதில் பட்டம் மாதிரி மேலே மேலே ஏறி, நின்று, தொப்பென்று விழும். கோபத்தில் ஓங்கி அடிக்கிறவனைத்தான் காற்று முதலில் கவிழ்க்கும். அதனால்தான் அந்த ஊர் ஆட்கள் காற்று ஏற ஏற மட்டை வீச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பந்தைத் தாழ்வாகத் தட்டி, தரையோடு ஓடவிடுவார்கள்.

அந்தக் கழிமுகத்தை ஒட்டி இருப்பது பதினோராவது குழி. மொத்தமே சுமார் 170 கஜம். ஆட்டத் தெரிந்தவர்கள் மூன்று அடியில் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. ஆனால், கொடி நட்ட புல்தரை சரிவாக இருக்கும். அதன் வாசலில் இரண்டு மணல் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். மறைப்புக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. 2015-ல் ‘ஓப்பன்’ போட்டி அங்கே நடந்தபோது, அந்தப் புல்தரையில் வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்கவில்லை. காற்று அதை உருட்டிக்கொண்டு போனது! உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடியவேண்டிய போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

இந்தப் பதினோராவது குழியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதனின் வாழ்க்கை இங்கேதான் தடுக்கி விழுந்தது.

1921. அமெரிக்காவின் அட்லாண்டாவிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் ஓப்பன் போட்டிக்காக செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்து இறங்கினான். பெயர் பாபி ஜோன்ஸ். குழந்தைப் பருவத்திலிருந்தே கோல்ஃப் மேதை. காசுக்காக ஆடாத அமெச்சூர். கூடவே, மூக்குக்கு மேல் கோபம்! அடி தப்பினால் மட்டையைத் தூக்கி எறிவான். வாயில் வருகிற வார்த்தையை எழுத முடியாது. அவன் பழகியதெல்லாம் மரங்கள் சூழ்ந்த, புசுபுசுவென்று புல் வளர்ந்த அமெரிக்க மைதானங்கள். அங்கே பந்தை உயரத் தூக்கி அடித்தால் போதும், நினைத்த இடத்தில் போய் இறங்கும். இங்கே வானத்தில் ஏறிய பந்து காற்றுக்குச் சொந்தம்!

முதல் இரண்டு சுற்றுகளைப் பையன் ஒப்பேற்றிவிட்டான். மூன்றாவது சுற்றில் ஆரம்பித்தது சனி. முதல் ஒன்பது குழிக்கே 46 அடிகள். பத்தாவதில் 6. கொதித்துக்கொண்டே பதினோராவதுக்கு வந்தான். பந்து போய் நேராக மணல் குழியில் விழுந்தது. அடித்தான். அது வெளியே வந்தால்தானே! கடைசியில் அந்தக் குழியை ஆடி முடிக்காமலேயே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஸ்கோர் கார்டைச் சுக்குநூறாகக் கிழித்துக் காற்றில் பறக்கவிட்டான் என்றும் கதை உண்டு. கிழித்தானோ இல்லையோ, அந்தக் கார்டு நடுவர்களிடம் வந்து சேரவில்லை. அதாவது, போட்டியிலிருந்து பாதியில் விலகல்.

‘இதெல்லாம் ஒரு குற்றமா?’ என்கிறீர்களா? கோல்ஃபில் உங்களை யாரும் கீழே தள்ளுவதில்லை. உங்கள் பந்தை யாரும் தட்டிப் பறிப்பதில்லை. நீங்கள், பந்து, மண், காற்று... அவ்வளவுதான். எத்தனை அடி ஆனாலும் எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். தோற்பதில் அவமானம் இல்லை. பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு போவதுதான் அவமானம். அதுவும் கோல்ஃபைக் கோயிலாகக் கும்பிடுகிற ஊரில்!

அத்தோடு நின்றதா? ஊர் திரும்பிய பிறகு, அதே வருஷம் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஜோன்ஸ் வீசிய மட்டை எகிறிப் போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் பட்டது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கோபத்தை அடக்கினால் ஆடலாம், இல்லாவிட்டால் எங்கள் போட்டிகளில் இனி இடமில்லை என்பது அதன் சாரம்.

அங்கே திரும்பினார் ஜோன்ஸ். (ஆமாம், இனி ‘அவர்’தான்!) நாம் ஆடுவது எதிராளியோடு இல்லை, ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று விதித்திருக்கிறதே, அந்தக் கணக்கோடுதான் ஆடுகிறோம் என்று புரிந்துகொண்டார். அந்தக் கணக்குக்குக் கோபமும் கிடையாது, குஷியும் கிடையாது. 1926-ல் வாக்கர் கோப்பைக்காக மறுபடி செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்தார். இங்கிலாந்தின் சிரில் டாலியைத் துவைத்து எடுத்தார். 1927-ல் அதே மைதானத்தில் ஓப்பன் போட்டி. முதல் சுற்றில் 68. நான்கு சுற்றுக்கும் சேர்த்து 285. அதுவரை ஓப்பன் சரித்திரத்தில் யாரும் அவ்வளவு குறைந்த அடிகளில் முடித்ததில்லை. அடுத்து வந்தவர்களைவிட ஆறு அடி குறைவு!

ஜனக்கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஜோன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஜெயித்த கோப்பையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. ‘இது இந்த ஊர் கிளப்பிலேயே இருக்கட்டும்’ என்று கொடுத்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் தராமல் போன கார்டுக்கு வட்டியும் முதலுமாகக் கட்டின கடன்!

ஆனால், காற்று இன்னும் ஒரு பரீட்சை பாக்கி வைத்திருந்தது.

1930. பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டி, அதே செயின்ட் ஆண்ட்ரூஸில். நான்காவது சுற்றில் எதிரே வந்து நின்றவர் பழைய சிரில் டாலி. அன்று புயல் மாதிரிக் காற்று. இரண்டு பேரும் மாறி மாறி முன்னேறி, மாறி மாறிச் சறுக்கினார்கள். 18 குழி முடிந்தும் சமம். கூடுதலாக ஆடிய பத்தொன்பதாவது குழியில் ஜோன்ஸின் பந்து, டாலியின் பந்துக்கும் குழிக்கும் நடுவே போய் நின்றது. வழி மறிக்கும் பந்தை எடுத்துவிடச் சொல்ல அந்தக் கால விதியில் இடமில்லை. ஜோன்ஸ் மயிரிழையில் பிழைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பையனாக இருந்திருந்தால், அந்தக் காற்றில் பாதி மைதானம் தாண்டுவதற்குள் மட்டைகள் பறந்திருக்கும்!

அந்தப் பட்டத்தை ஜெயித்தார். அதே வருஷம் பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர்... நான்கும் அவருக்கே. பிறகு, 28 வயதில் போட்டிகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்.

ஓய்வு பெற்றதும் அலிஸ்டர் மெக்கன்ஸி என்ற நிபுணரோடு சேர்ந்து, அகஸ்டாவில் சொந்தமாக ஒரு மைதானம் உருவாக்கினார். இன்று மாஸ்டர்ஸ் போட்டி நடப்பது அங்கேதான். அதில் நான்காவது குழிக்கு எது மாதிரி தெரியுமா? செயின்ட் ஆண்ட்ரூஸின் பதினோராவது குழி! தன்னைத் தலைகுனிய வைத்த இடத்தையே எடுத்துக்கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்துக்கொண்ட மனிதர். சரிவை அங்கே கொண்டுபோக முடிந்தது. மணல் குழியையும் கொண்டுபோக முடிந்தது. வடகடல் காற்றை எப்படி மூட்டை கட்டுவது?

1948-க்குப் பிறகு அவரால் கோல்ஃப் ஆட முடியவில்லை. தண்டுவடத்தில் ஒரு கொடிய நோய். 1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவரை அழைத்து ‘எங்கள் ஊர்க்காரர்’ என்று கௌரவப் பட்டம் கொடுத்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், 1759-ல்! கால்கள் ஒத்துழைக்காத நிலையில், நிரம்பி வழிந்த மண்டபத்தில் ஜோன்ஸ் பேசினார். தன் வாழ்க்கையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவங்களை மட்டும் விட்டுவைத்தாலும் தன் வாழ்க்கை நிறைவானதுதான் என்றார். அவர் வெளியேறும்போது கூட்டம், ‘மறுபடி வரமாட்டாயா?’ என்று கேட்கும் பழைய ஸ்காட்டிஷ் பாட்டைப் பாடியது.

அவர் மறுபடி வரவில்லை. 1971-ல் இறந்துபோனார். ஊர் மறக்கவில்லை. ஓல்ட் கோர்ஸின் ஒரு குழிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். எந்தக் குழி தெரியுமா? பத்தாவது. இன்றைக்கும் அங்கே ஆடப்போகிற யாரானாலும் பாபி ஜோன்ஸைத் தாண்டித்தான் அந்தப் பதினோராவதுக்குப் போய் நிற்கவேண்டும்.